பிராந்துக்கு விளக்குக் காட்டுகிறவன்

விளக்குப் போட்டு ஆளை வரவழைக்கிற தொழில் உலகத்தில் ஆயிரம் இருக்கிறது. விளக்குப் போட்டுத் துரத்துகிற தொழில் எனக்கு வாய்த்தது.

அஞ்சுகிராமத்துக்கும் கடலுக்கும் நடுவில், உப்பளத்தை ஒட்டி ஒரு ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. கன்னியாகுமரி பார்க்க வருகிறவர்களை ஆறு ஆறு பேராக ஏற்றி, முக்கடலையும் ஒரு சுற்றுக் காட்டி, பத்து நிமிடத்தில் இறக்கிவிடுகிற சின்னக் கம்பெனி. ஹெலிகாப்டர் ஏறும்போதும் இறங்கும்போதும் குறுக்கே பருந்து வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் பக்கத்தில் பருந்தைப் பிராந்து என்பார்கள், கருடனும் அதில் சேர்த்தி. தளத்தைச் சுற்றி முக்காலிகளில் நான்கு விளக்குப் பலகைகள் நிற்கின்றன. ஹெலிகாப்டரின் மூக்கிலும் இரண்டு சிறிய விளக்குகள் உண்டு, அவை மாறி மாறித் துடிக்கும். தரையில் இருக்கும் பலகை பிராந்தை ஒதுங்கிப் போகச் சொல்கிறது. மூக்கில் இருக்கும் விளக்கு, நான் வருகிறேன், என்னைப் பார் என்கிறது. விஞ்ஞானம் அவ்வளவுதான். மீதி எல்லாம் கழுத்து வலி.

இதற்கு முன்னால் பதினோரு வருடம் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் ஓடுபாதை விளக்குகளைப் பராமரித்தேன். அங்கே குனிந்த தலை நிமிரவில்லை. இங்கே நிமிர்ந்த தலை குனியவில்லை. தென்னை ஏறுகிறவர்கள், கூரைக்கு வெள்ளையடிக்கிறவர்கள், ஃபேன் மாட்டுகிற என் பழைய எலெக்ட்ரீஷியன் சகாக்கள், முதல் வரிசையில் டிக்கெட் கிடைத்து முழுப்படமும் பார்த்தவர்கள் எல்லாரும் என் கட்சி. கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே படியுங்கள்.

ராசியான இடம்

எங்கள் முதலாளி தங்கப்பன் நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஹெலிகாப்டர் இறக்க நிலம் தேடி ஒரு வருடம் அலைந்திருக்கிறார். கிழக்கே போனால் காற்றாலை, மேற்கே போனால் தென்னை, நடுவில் முழுக்க வீடு. கடைசியில் இந்தத் தரிசில் காலை வைத்ததும் தலைக்கு மேலே கருடன் வட்டமிட்டது. வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக, அவசரமே இல்லாமல் மூன்று சுற்று. தங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேறு நிலம் பார்க்கவில்லை. பத்திரம் பதிந்த அன்றும் வந்து நின்றார், அன்றும் கருடன் வந்தது. பூமி பூஜை அன்று ஏழு வந்தன.

தரிசுக்குப் பின்னால் இருக்கும் வறண்ட ஓடையில்தான் நான்கு கோழிக்கடைக்காரர்கள் கழிவைக் கொட்டுகிறார்கள் என்பதை அவர் விசாரிக்கவில்லை. தெற்கே கருவாடு காய்கிறது. உப்பளத்தில் சூடேறிய காற்று குபுகுபுவென்று மேலே போகிறது. பிராந்துக்கு ஒரே இடத்தில் ஹோட்டலும் லிஃப்டும். தொழில் தொடங்கியபின் விஷயம் புரிந்தது. அதற்குள் ஹெலிகாப்டரின் இரண்டு பக்கமும் கருடன் படம் வரைந்தாகிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, நாட்டில் இத்தனை இடம் இருக்கப் பிராந்து கூடுகிற இடத்திலேயா ஹெலிகாப்டர் விட வேண்டும் என்று கேட்டேன். தங்கப்பன் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பிராந்து வட்டமிடாத எடத்துல எவனாவது தொழில் தொடங்குவானாவேய்?"

தாடையில் ஒரு கோடு

கேப்டன் சுகந்தி மதுரைக்காரர். விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வுபெற்றவர். காதுக்குக் கீழே தொடங்கி முகவாய் வரைக்கும் ஒரு தழும்பு ஓடும். பயணிகள் கேட்டால் சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொல்வார். என்னிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டார்.

வடக்கே எங்கேயோ, வெயிலடிக்கிற ஒரு காலையில், ஒரு கழுகு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. மடி நிறைய இறகு, கண்ணாடிச் சில்லு, இரத்தம். ஒரு கண் மூடிவிட்டது. திறந்திருந்த மற்றொரு கண்ணை வைத்துக்கொண்டு ஒரு கடுகு வயலில் இறக்கியிருக்கிறார். நாலு விரல்கடை மேலே பட்டிருந்தால் அவரும் இல்லை, பின்னால் இருந்த ஐந்து பேரும் இல்லை. இன்றைக்கும் ஒவ்வொரு முறை எழும்புவதற்கு முன்பும் கேப்டன் மீட்டர்களைப் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியாக என்னைப் பார்ப்பார். நான் வானத்தைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். ஒரு பெண்ணின் உயிரும் ஆறு பயணிகளின் உயிரும் அந்த விரலில் தொங்குகின்றன என்று நினைத்தால் அது மேலே எழும்பவே எழும்பாது. அதனால் நினைக்காமல் தூக்குவேன்.

பறவைகள்மேல் வெறுப்பாக இருக்குமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேப்டன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"கோபமே இல்ல எட்வின். இரை தேடுறப்ப அது கீழதான் பாக்கும், முன்னால பாக்காது. நான் முன்னால பாத்துட்டு இருந்தேன். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையிலதான் இருந்தோம்."

மூன்றாம் நாள்

பலகைகளை முதன்முதலாகப் போட்ட அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. நாற்பது பிராந்துகள் தளத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. சுவிட்சைத் தட்டினேன். வெள்ளையும் நீலமுமாகப் பலகை துடிக்க, நாற்பதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிழக்கே போய்விட்டன. தங்கப்பன் கைதட்டினார். சாயங்காலம் வரைக்கும் வானம் துடைத்துவிட்ட சிலேட்டாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கைகளை ஆட்டி ஆட்டி விவரித்தேன்.

இரண்டாம் நாள் இருபது திரும்பி வந்தன. மூன்றாம் நாள் நான் சுவிட்சைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிறேன், வானத்தில் ஒன்றுமில்லை. பெருமூச்சோடு தலையைத் திருப்பினால், எரிந்துகொண்டிருக்கிற பலகையின் உச்சியிலேயே ஒரு கரும்பருந்து உட்கார்ந்து, கோழிக்குடலை நிதானமாகக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஒரே தாளத்தில் மின்னினால் அதில் ஆபத்து ஒன்றுமில்லை என்று மூன்றே நாளில் கணக்குப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். தாளத்தைத் தினமும் மாற்ற வேண்டும். தேவைப்படுகிற ஒரு நிமிடம் மட்டும் போட வேண்டும். சும்மா எரியவிட்ட விளக்கு கெட்டுப்போன விளக்கு.

அன்று பக்கத்தில் நின்றவர் பெர்க்மான்ஸ். இனயத்துக்காரர், முப்பது வருடம் கடலுக்குப் போய் முழங்கால் தேய்ந்தபின் எங்கள் தளத்தில் காவலும் மேற்பார்வையும் பார்க்கிறார். பிராந்து குடலைத் தின்று முடிக்கும் வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு வாயைத் திறந்தார்.

"சாரே, பாவம், அதுக்கு இருந்து திங்கதுக்கு ஒரு எடம் இல்லாம இருந்துது. நீங்க ஸ்டூலும் போட்டு, லைட்டும் போட்டுக் குடுத்திருக்கிய."

காலி வானம்

ஒரு பகல் பதினோரு மணிக்கு வானத்தில் மேகம்கூட இல்லை. பைனாகுலரில் நான்கு திசையும் துழாவிவிட்டு, இப்போது விரலைத் தூக்கலாம் என்று பெர்க்மான்ஸிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சாளை மீனில் கட்டைவிரல் அளவு கிள்ளித் தளத்துக்கு வெளியே மண்ணில் போட்டார். எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினேழு வருவதற்குள் காதுக்குப் பக்கத்தில் காற்று கிழிந்த மாதிரி ஒரு சத்தம். மண்ணில் மீன் இல்லை. செங்கல் நிறத்தில் ஒரு முதுகு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பைனாகுலரில் இல்லாத ஒன்று எங்கேயிருந்து வந்தது? நான் வானம் காலி என்று நினைத்து விரல் தூக்கிய நாட்கள் எத்தனை? பயத்தோடு பயமாக இன்னொன்றும் வந்தது. கோவிலிலோ ஆலயத்திலோ போய் நின்றால்தான் எனக்கு அப்படி வரும். விரல் அளவு மீனை அந்த உயரத்திலிருந்து கண்ட ஒரு கண்ணுக்கு முன்னால், நான் நாலு விளக்கை வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறேன். அன்று முதல் வானம் காலியாக இருந்தாலும் புறப்படுமுன் ஒரு நிமிடம் விளக்குப் போடாமல் விரலைத் தூக்குவதில்லை.

பெர்க்மான்ஸுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

"நாம காணாத ஒசரத்தில நின்னு நம்மளக் கண்டுகிட்டே இரிக்கு சாரே. கடல்ல நாங்க வலை இழுக்கதுக்கு முன்னே அதுக்குத் தெரியும், எத்தனை மீனுன்னு."

லீவு போடாத வாடிக்கையாளர்கள்

விளக்கு மட்டும் போதாது, சாப்பாட்டையும் நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. ஓடையில் கழிவு கொட்டும் நான்கு கோழிக்கடைக்காரர்களைப் பார்க்கப் போனேன். மூன்று பேர் உடனே ஒத்துக்கொண்டார்கள். எங்கள் கம்பெனி தோண்டிக் கொடுக்கும் குழியில் போட்டு மூடுவதாகச் சொன்னார்கள். நான்காவது கடைக்காரர் சாகுல் மட்டும் தலையைச் சொறிந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்துவிட்டுப் பேசும்படி சொன்னார்.

போனேன். ஏழு மணி. கடை இன்னும் திறக்கவில்லை. எதிரே பனைகளில், மின்கம்பியில், டிரான்ஸ்ஃபார்மர் மேலே, பிராந்துகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சத்தமில்லை, சண்டையில்லை. மற்ற நாட்களில் ஒன்பது மணிக்குத்தான் வருமாம். ஞாயிறு மட்டும் வியாபாரம் சீக்கிரம் தொடங்கும் என்று அவற்றுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் ஆகவில்லை, ஆலய மணியும் இன்னும் அடிக்கவில்லை. இன்று ஞாயிறு என்று யார் சொன்னார்கள்? ஏழு நாளைத் தாமாகவே எண்ணுகிற ஒரு கூட்டத்தின் கீழே நின்றபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. சாகுலும் கடைசியில் குழிக்குச் சம்மதித்தார். ஆனால் சம்மதித்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மனுசன் கஸ்டமரு விலை கூடினா நாளைக்கு வேற கடைக்குப் போவான். இதுவ மழைன்னும் பாக்காது, நோம்புன்னும் பாக்காது. இதுவகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, நாளையிலிருந்து கெடையாதுன்னு சொல்லுவேன் சாரே?"

ஆபரேஷன் செய்த கண்

எங்கள் பலகையில் ஒரு வசதி இருக்கிறது. துடிப்பை மிக வேகமாக வைத்தால் நம் கண்ணுக்கு விளக்கு ஆடாமல் அசையாமல் எரிகிற மாதிரித்தான் தெரியும். பிராந்துக்கு அது துடிப்பது தெரியும். சோதித்துப் பார்க்க ஒரு மதியம் கம்பத்தில் உட்கார்ந்திருந்த கருடனை நோக்கி, விளக்கை முதலில் சும்மா எரியவிட்டேன். அது கண்டுகொள்ளவில்லை. பிறகு துடிக்கவிட்டேன். எனக்கு விளக்கில் எந்த மாற்றமும் தெரியவில்லை, கருடன் மட்டும் சட்டென்று கழுத்தைத் திருப்பியது. நிறுத்தினேன், தலையைத் திருப்பிக்கொண்டது. மறுபடி தொடங்கினேன், மறுபடி பார்த்தது. என் கையில் இருக்கிற விளக்கில் நான் காணாத ஒரு காரியம் நடக்கிறது, முப்பது அடிக்கு அப்பால் இருக்கிற ஒன்று அதைக் காண்கிறது. எத்தனை முறை செய்தேன் என்று தெரியாது. பயணிகள் வந்து நிற்பதுகூடத் தெரியவில்லை.

வரிசையில் முதலில் நின்றவர் திங்கள்சந்தையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். பெருமையோடு விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வகுப்பில் நோட்டுக் கொண்டுவராத பையனிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"எனக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சிருக்கு. இன்னும் உன் ஹெலிகாப்டரே மங்கலாத்தான் தெரியுது. கர்த்தர் அதுக்குக் குடுத்த கண்ணைப் பாத்தியா? அதப் போயி சும்மா சும்மா தொந்தரவு பண்ணுதியே, நியாயமா?"

இரண்டு பேரும் வரணும்

பக்கத்து ஊர்க் கிருஷ்ணன் கோவிலில் கும்பாபிஷேகம் வந்தது. கமிட்டிச் செயலாளர் மாதவன் பிள்ளை, நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் தளத்துக்கு வந்தார். கோபுரத்தின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவ வேண்டும். இப்போதெல்லாம் பூ தூவாத கும்பாபிஷேகத்துக்கு மதிப்பில்லை. தங்கப்பன் உடனே சரி என்றார். கூடையோடு தானே உட்கார்ந்து தூவுவதாகவும் சொல்லிவிட்டார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கும்பாபிஷேகத்தில் கோபுரக் கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் கருடன் வந்து மேலே வட்டமிட வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் அண்ணாந்து காத்திருப்பார்கள். வராவிட்டால் ஊருக்கே ஒரு மனக்குறை, பல வருடத்துக்குப் பேச்சு. நான் கோபுரத்துக்குப் பக்கத்தில் விளக்குப் போட்டால் கருடன் வராது. போடாவிட்டால் கருடன் சுற்றுகிற அதே உயரத்துக்குக் கேப்டன் ஹெலிகாப்டரைக் கொண்டுவர வேண்டும். மோதினால் கேப்டன் போவார், தங்கப்பன் போவார், கீழே நிற்கிற கூட்டத்தின்மேல் இயந்திரம் விழும். கும்பாபிஷேகத்தன்று கருடனைக் கொன்ற கம்பெனி என்ற பெயர் வேறு. கேப்டன் முடியாது என்று எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்து ஒரு ஏற்பாடு சொன்னார். அவர் உப்பளத்துக்கு மேலேயே காத்திருப்பார். கருடன் வரட்டும், சுற்றட்டும், தண்ணீர் ஊற்றட்டும். அதன்பின் நான் விளக்குப் போட்டு வானத்தை ஒதுக்கிவிட்டு அழைத்தால் மட்டுமே வருவார். எல்லாம் என் வாயிலும் ஒரு பலகையிலும் வந்து நின்றது.

மாதவன் பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன், ஊர்ப் பேச்சில் வேதக்காரன், என்று அவருக்குத் தெரியும்.

"கேட்டீரா எட்வின், கருடனும் வரணும், ஹெலிகாப்டரும் வரணும். எதை முன்னால விடணும், எதைப் பின்னால விடணும்ங்கிறது உம்ம பொறுப்பு. பெருமாளுக்கு வேதக்காரன், இந்துன்னு கிடையாது."

கோபுரத்துக்கு மேலே

கோவிலை ஒட்டிய கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில், பலகையைப் போர்வையால் மூடி வைத்துக்கொண்டு நானும் பெர்க்மான்ஸும் நின்றோம். என் கையில் வாக்கிடாக்கி. ஒன்பதரை மணி முகூர்த்தம். கோபுரச் சாரத்தில் பட்டர்கள் குடத்தோடு நிற்கிறார்கள். கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்க்கிறது. கருடன் வரவில்லை. பத்து நிமிடம் போயிற்று. கீழே ஒரு அம்மாள், "லைட்டு வச்சு வெரட்டுதவனை மேல ஏத்தி வச்சாச்சு, பின்ன எப்பிடி வரும்?" என்று சொல்வது காதில் விழுந்தது. ஆயிரம் தலைகள் வானத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தன. போர்வையை இன்னும் இழுத்து மூடினேன். என் வாழ்க்கையில் ஒரு பிராந்துக்காக நான் ஜெபம் பண்ணியது அன்றுதான்.

வந்தது. மேற்கே மலைப் பக்கமிருந்து, தனியாக, சிறகை அசைக்காமல். கோபுரத்துக்கு நேர் மேலே ஒரு சுற்று, இரண்டு, மூன்று. கோவிந்தா என்ற குரல் தரையிலிருந்து எழும்பியபோது மாடிச் சுவர் அதிர்ந்தது. பட்டர்கள் குடத்தைக் கவிழ்த்தார்கள். என் கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எங்கள் போதகர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன். பிறகு போர்வையை எடுத்துப் பலகையைப் போட்டேன். கருடன் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாய்ந்து, தென்னந்தோப்புப் பக்கம் விலகியது. வானத்தைச் சுற்றிலும் பார்த்தேன். "வரலாம் கேப்டன்" என்றேன்.

கும்பாபிஷேகத் தண்ணீரைக் கூட்டத்தின்மேல் தெளிப்பது வழக்கம். இந்தக் காலத்தில் மோட்டார் வைத்துக் குழாயில் பீய்ச்சுகிறார்கள். சாரத்தில் குழாயைப் பிடித்திருந்தவருக்கு நல்ல மனசு. மாடியில் நிற்கிற இரண்டு பேருக்கும் தீர்த்தம் கிடைக்கட்டும் என்று குழாயை எங்கள் பக்கம் திருப்பினார். பலகை ஒரு முறை படபடத்து அணைந்தது. மறுநிமிடம் கருடன் திரும்பி வந்தது. கூடவே இன்னொன்றும். அதே நேரம் வடக்கே ஹெலிகாப்டர் தெரிந்தது.

"நில்லுங்க கேப்டன். பலகை போச்சு. பிராந்து திரும்பி வந்துட்டு, கூட இன்னொண்ணும்."

"ஒண்ணுதான் தெரியுது. இன்னொண்ணு எங்க?"

"உங்க உயரத்துலதான். கோபுரத்துக்குக் கிழக்க."

ஹெலிகாப்டர் நடுவானில் நின்றுவிட்டது. திரும்பிப் போகும்படி கத்தினேன். கேப்டன் அமைதியாகச் சொன்னார், திரும்பினால் மூக்கு விளக்கு அதன் பக்கம் இருக்காது, அது வருவது தனக்குத் தெரியாது, தன் விளக்கு அதற்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே முகத்துக்கு முகமாக நிற்பதாகச் சொல்லிவிட்டார். இரண்டு சிறிய விளக்குகள் மாறி மாறித் துடித்தன. வெயிலில் எனக்கே அவை சரியாகத் தெரியவில்லை. பைனாகுலரில் கருடனைப் பிடித்தேன். தலை கீழே பார்த்தபடி இருந்தது. கீழே அத்தனை கூட்டம், இலை போட்டுச் சோறு. சுற்றின் வளைவில் அது நேராக ஹெலிகாப்டரை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரைச்சலும் காற்றும் அதற்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கேப்டனின் தாடைக் கோடு என் கண்முன் வந்து நின்றது.

கருடன் தலையை உயர்த்தியது. அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றுமில்லை. குனிந்திருந்த வெள்ளைத் தலை நிமிர்ந்து முன்னால் பார்த்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே பார்த்துவிட்டு, வலது சிறகை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி, வழுக்கிக்கொண்டு கீழாகப் போய்விட்டது. இரண்டாவதும் அதன் பின்னாலேயே போயிற்று. பயப்படவில்லை, பதறவில்லை, எதிரே வருகிறவருக்குச் சந்தில் ஒதுங்கி வழி விடுகிற மாதிரி விட்டது. நான் அழுதுவிட்டேன். பெர்க்மான்ஸ் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேப்டன் வந்தார், பூ விழுந்தது. பாதிக்கு மேல் காற்றில் போய் டீக்கடைக் கூரையில் கிடந்ததைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் தளத்துக்கு வந்தேன். தங்கப்பன் வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேப்டன் படியில் இருந்தார், கையில் டீ ஆறிப்போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்:

"இந்த முறை அது என்னைப் பாத்துச்சு எட்வின்."

செயலாளரின் சாட்சி

மறுவாரம் மாதவன் பிள்ளை பிரசாதம் கொண்டுவந்தார். எல்லாருக்கும் கொடுத்தார், எனக்கு இரண்டு பங்கு. தீர்த்தத்தில் நனைந்து செத்துப்போன பலகையை நான் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கொஞ்சம் துளசியும் வந்தது. அவர் பக்கத்தில் நின்று அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு தோளில் கைவைத்துச் சொன்னார்:

"கருடன் மூணு சுத்து சுத்தி, ஹெலிகாப்டருக்கு வழிவிட்டு ஒதுங்கினத நானே ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பெருமாள் அப்பிடி நடத்திக் குடுக்கும்போ, நீரு இந்த லைட்டை எதுக்குவேய் வீணா சொமந்துகிட்டு வந்தீரு?"

கேப்டன் முழுசாக இறங்கினார், கருடன் முழுசாகப் பறந்தது, பெயர் பெருமாளுக்குப் போயிற்று, எனக்கு நனைந்த பலகையும் இரண்டு பங்கு பிரசாதமும் கிடைத்தன என்றால், பங்கீட்டில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.